வீட்டுக்குக் காவல் பூட்டா, சாமியா, கேமராவா?

மகாராஷ்டிரத்தின் சனி சிங்கணாப்பூரில் வழக்கப்படி வீடுகளுக்கு நிலை உண்டு, கதவு கிடையாது. திருடுபவனைச் சனீஸ்வரர் சும்மா விடமாட்டார் என்பது ஊர் நம்பிக்கை. 2011இல் யூகோ வங்கி அங்கே கிளை திறந்தபோது, பூட்டில்லாத வங்கி என்று நாடே வியந்தது. கண்ணுக்குத் தெரியாதபடி மின்காந்தப் பூட்டு ஒன்று அங்கே இருந்ததைப் பேசியவர்கள் குறைவு. திருட்டுப் புகார்களும் எழுந்தன. 2015இல் காவல் நிலையமும் வந்தது. இரவில் தெருநாய் நுழையாமலிருக்கப் பலகையைச் சாத்திவைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. நாய்க்கு ஏது ஏழரைச் சனி!

அந்த ஊரை நான் கேலி செய்யவில்லை. எல்லாருக்கும் ஒரே தெய்வத்திடம் பயம் இருக்கும்வரை அந்த ஏற்பாடு ஓடும். பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாத அடுக்குமாடியில், நம் சாமிக்குத் திருடனும் பயப்படுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

பூட்டுப் போட்டால் பக்தி குறைந்துவிட்டது என்று சங்கடப்படுகிறவர்கள், சிவன் கோயிலில் அர்த்தசாமம் முடிந்து நடை சாத்துவதைப் பார்க்கலாம். முதலில் பூட்டுகிறார்கள், பிறகு சாவியைப் பைரவர் முன் வைக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை விடு என்று நபிமொழியும் இதே வரிசையைத்தான் சொல்கிறது.

பூட்டு மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் ஆள் நடமாட்டம் இல்லாமல் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து நடராஜரையே கடத்திவிட்டார்கள். அவர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம்வரை போய், 2014இல்தான் இந்தியா திரும்பினார். கதவில்லாத சிங்கணாப்பூரில் பகலெல்லாம் பக்தர் கூட்டம். பூட்டியிருந்த ஸ்ரீபுரந்தானில் விளக்கேற்றக்கூட ஆளில்லை. திருடன் கணக்குப் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

கேமராவுக்கு வருவோம். விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடந்ததைக் காட்டும்; ஆனால் நடப்பதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. பதிவுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகும் திருடர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். வாங்குவதானால் பதிவு இணையத்தில் சேமிக்கப்படும் வகையை வாங்குங்கள். வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காய் அதன் பார்வையை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

என் வரிசை இதுதான். நல்ல பூட்டு முதலில். அதற்கடுத்து எதிர்வீட்டாரின் கண். கேமரா கடைசியில், கையில் பணம் மிஞ்சினால். குலதெய்வத்துக்குக் காசு முடிந்துவைப்பதைப் பட்டியலில் சேர்க்கவில்லை; அதற்குச் செலவும் இல்லை, போட்டியும் இல்லை. திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறீர்களா? நகையை லாக்கரில் வைத்துவிட்டு, வீடு பூட்டியிருக்கும் நாட்களை உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ரோந்துக் காவலர்கள் வந்து பார்ப்பதற்கு ஒரு ரூபாயும் ஆகாது. கோயில் வாசலில் நின்றபடி எடுத்த குடும்பப் படத்தை மட்டும் ஊர் திரும்பிய பிறகு பேஸ்புக்கில் போடுங்கள்.