விலங்குப் பண்ணையா, காந்தீதா?

பள்ளியில் ஒரே ஒரு அங்கத நாவல், அதாவது கிண்டல் வழியே குறைகளைச் சாடும் நாவல், படிக்கலாம் என்றால் எது? புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் ஆங்கில வழியில் படிப்பவர்கள் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' பக்கம், பிரெஞ்சு படிப்பவர்கள் வோல்தேரின் 'காந்தீத்' பக்கம்.

1945இல் வந்த 'விலங்குப் பண்ணை'யில் பத்தே அத்தியாயங்கள். பண்ணையைக் கைப்பற்றிய விலங்குகளில் தலைமைக்கு வந்த பன்றிகள், சுவரில் எழுதிய சட்டங்களை ராவோடு ராவாக மாற்றும் இடத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உழைத்துத் தேய்ந்த குதிரையை விற்றுவிடும் இடத்தில் அழுதுவிட்டதாக ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் சொன்னாள். கதை பகடி செய்யும் ரஷ்யப் புரட்சி தெரியாவிட்டால் பாதிதான் பிடிபடும் என்று ஒரு பையன் குறைபட்டான். நியாயம்தான்.

1759இல் வந்த 'காந்தீத்' முப்பது அத்தியாயம். போர், நிலநடுக்கம், கப்பல் என்று ஓடிக்கொண்டே இருப்பதால் எந்தப் பாத்திரமும் மனதில் தங்குவதில்லை என்கிறார்கள். ஆனால் தென் அமெரிக்காவின் சுரினாமில் ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்ட அடிமையை யாரும் மறக்கவில்லை. அப்புறம், நம் ஊருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்ததற்காக 1766இல் பாரிசில் தலை வெட்டப்பட்டவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. அவர் மீதான பழியை நீக்கப் போராடியவர் இதே வோல்தேர். இதைச் சொல்லித் தொடங்கினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஆர்வெல், பதினொன்றாம் வகுப்புக்கு வோல்தேர் என்பேன் நான்.