எழுத்து முதலா, விசா முதலா? கனடா, லண்டன், அவுஸ்திரேலியா வழிகள் ஓர் அலசல்

பொருத்தம் பார்த்தாயிற்று, இரண்டு வீட்டாருக்கும் சம்மதம். ஒருவர் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், மற்றவர் ஸ்காபரோவிலோ ஹரோவிலோ மெல்பேர்னிலோ. மண்டபம் பிடிக்கமுன் தீர்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே எழுத்து (சட்டப்படி கலியாணப் பதிவு) வைத்துவிட்டு கணவன் மனைவியாக விசாவுக்குப் போடுவதா, நிச்சயித்த ஜோடியாக விசா எடுத்து அங்கே போய்ப் பதிவு செய்வதா? தரகரும் ஏஜென்சியும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள். சரியான பதில் போகும் நாட்டைப் பொறுத்தது. ஒரு நாட்டில் சரியாக இருப்பது அடுத்த நாட்டில் விண்ணப்பத்தையே கவிழ்க்கும்.

கனடா: எழுத்து இல்லாமல் அநேகமாக வழியில்லை

கனடாவில் நிச்சயித்த ஜோடிக்கென்று ஒரு விசா கிடையாது. 2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தோடு அந்த வகை இல்லாமல் போய்விட்டது. இப்போது இருப்பவை மூன்று: சட்டப்படி மணந்த கணவன் மனைவி, குறைந்தது 12 மாதம் ஒரே வீட்டில் வாழ்ந்த துணை, மணக்கவோ சேர்ந்து வாழவோ முடியாதபடி உண்மையான தடை உள்ள துணை. மூன்றாவதை நிச்சயித்த ஜோடிகளுக்கு விற்கும் ஏஜென்சிகள் உண்டு. நம்பவேண்டாம். அதற்கு ஒரு வருடமாவது கணவன் மனைவிக்கு ஒப்பான உறவு இருந்திருக்க வேண்டும். தடை எதுவென்றும் காட்டவேண்டும். “லீவு கிடைக்கவில்லை” என்பது தடையாகாது.

ஆகவே கனடா என்றால் முதலில் கலியாணம், பிறகு ஸ்பொன்சர். ஸ்பொன்சர் செய்பவர் பிரஜையாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ, 18 வயது தாண்டியவராக இருக்கவேண்டும். நிரந்தர வதிவிடக்காரர் கனடாவிலேயே வசிக்கவும் வேண்டும். துணையை மட்டும் கூப்பிடுவதற்குக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒரு தொகை இல்லை. பெற்றோரைக் கூப்பிடும் விதியோடு இதைக் குழப்பிக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கவீனம் தவிர்ந்த காரணத்துக்காக அரச உதவிப் பணம் எடுத்துக்கொண்டிருந்தால் ஸ்பொன்சர் செய்யமுடியாது. தானே துணையால் ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர், நிரந்தர வதிவிடம் கிடைத்து 5 வருடம் ஆகும்வரை புதிய துணையைக் கூப்பிட முடியாது. இரண்டாம் கலியாண வரன்களில் பெண் வீட்டார் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். வந்த நாளிலிருந்து 3 வருடம் துணையின் செலவுக்கு ஸ்பொன்சர் பொறுப்பு.

கட்டணம், 2024 ஏப்ரல் திருத்தத்தின்படி, எல்லாம் சேர்த்து 1,205 கனேடிய டாலர். கைரேகைக்கு இன்னொரு 85. மூன்று நாடுகளிலும் மலிவானது இதுதான். போய் இறங்கும் நாளிலேயே நிரந்தர வதிவிடம். 2 வருடம் சேர்ந்து வாழவேண்டும் என்ற பழைய நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டுவிட்டது.

சிக்கல் பணத்தில் இல்லை, நம்பவைப்பதில். 2010இல் மாற்றிய விதிப்படி, உறவு போலியாக இருந்தாலும் நிராகரிப்பு. உறவு இன்று உண்மையாகவே இருந்தாலும், கட்டிய நேரத்தில் முதன்மை நோக்கம் விசாதான் என்று அதிகாரி கருதினாலும் நிராகரிப்பு. எங்கள் ஊர் வழக்கம் ஒன்று இங்கேதான் இடறுகிறது. மாப்பிள்ளை இரண்டு கிழமை லீவில் வருவார். “எழுத்தை மட்டும் வைப்போம், தாலி கட்டை அங்கே போய்ப் பெரிதாகச் செய்வோம்” என்று பத்துப் பேரோடு பதிவு முடியும். எங்களுக்கு இது சாதாரணம். விண்ணப்பப் படிவமோ எத்தனை பேர் வந்தார்கள், பெற்றோர் நின்றார்களா, சடங்கு நடந்ததா, விருந்து இருந்ததா என்று கேட்கிறது. படங்களில் கூறையும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை என்றால், இந்துக் குடும்பமொன்றில் இது ஏன் இப்படி என்ற சந்தேகம் எழும். எழுத்தையும் தாலி கட்டையும் ஒரே பயணத்தில் வைப்பதே எங்கள் உறுதியான பரிந்துரை. முடியாவிட்டால், சடங்கு ஏன் தள்ளிப்போனது என்று ஒரு பக்கக் கடிதத்தில் நேராக எழுதுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டு இருந்தால் சேர்த்து வையுங்கள்.

பேசிச் செய்த கலியாணத்துக்குக் காதல் கதை தேவையில்லை. யார் மூலம் வரன் வந்தது, சாதகம் கைமாறிய திகதி, பொருத்தம் பார்த்த குறிப்பு, இரு வீட்டாரும் பேசிய வட்ஸ்அப் செய்தி, முதன்முதல் இருவரும் பேசிய நாள், சந்தித்த பயணத்தின் போடிங் பாஸ். இவை திகதி வரிசையில் இருந்தால் போதும். 400 பக்க உரையாடல் அச்சு யாரும் வாசிக்காத கட்டு. மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் எடுத்து, தமிழில் உள்ளதை மொழிபெயர்த்து வையுங்கள். வயது வித்தியாசம், படிப்பு வித்தியாசம், முந்தைய விவாகரத்து இருந்தால் அவர்கள் கேட்கமுன் நீங்களே விளக்குவது நல்லது. நேர்முகத்துக்கு அழைத்தால், மாப்பிள்ளை என்ன வேலை, எத்தனை மணிக்குப் போவார், யாரோடு குடியிருக்கிறார் என்பது பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பொறி: தொலைபேசியிலோ சூமிலோ ஒருவர் இல்லாமல் நடந்த பதிவை 2015 ஜூனிலிருந்து கனடா ஏற்பதில்லை. இருவரும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும்.

சுற்றுலா விசாவில் கனடா போய் அங்கே கட்டி, உள்ளிருந்தே ஸ்பொன்சருக்குப் போடுவது சட்டப்படி சரி. வேலை அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உள்நாட்டு வகையில் நிராகரித்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக உரிமை இல்லை. வெளியிலிருந்து போட்டு நிராகரித்தால் ஸ்பொன்சருக்கு 30 நாள் அவகாசத்தில் அந்த உரிமை உண்டு. சுற்றுலா விசாவுக்குப் போடும்போது கனடாவில் வருங்காலத் துணை இருப்பதை மறைத்தால் 5 வருடத் தடை வரலாம். அதற்குப் பிறகு உண்மையான கலியாணமும் உடனே உதவாது.

லண்டன்: இரண்டு வழியும் உண்டு, ஆனால் ஒன்று வீண்செலவு

பிரித்தானியா நிச்சயித்தவருக்கும் விசா தருகிறது, மணந்தவருக்கும் தருகிறது. இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றே. இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் ஏ1 (தொடக்க நிலை) பேச்சு, கேட்டல் பரீட்சை, காசநோய்ப் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பொன்சரின் வருமானம் வருடம் 29,000 பவுண். 2024 ஏப்ரல் 11க்கு முன் இது 18,600. இங்கிருந்து போடும்போது பெண்ணின் சம்பளம் கணக்கில் வராது. வருமானமே இல்லையென்றால் 88,500 பவுண் சேமிப்பு 6 மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும்.

நிராகரிப்புக்கு மிகப் பொதுவான காரணம் சம்பளச் சீட்டும் வங்கிக் கூற்றும் பொருந்தாமை. கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ பாதிச் சம்பளம் கையில், பாதி வங்கியில் என்றால் கையில் வாங்கியதை நிரூபிப்பது பெரும்பாடு. ஒரே முதலாளியிடம் 6 மாதம், ஒவ்வொரு சீட்டிலும் உள்ள தொகை அதே அளவில் வங்கியில் விழுந்திருக்க வேண்டும், முதலாளியின் கடிதமும் வேண்டும். 6 மாதத்தில் ஒரு மாதம் குறைந்தாலும் அந்தக் குறைந்த அளவை வைத்தே வருடக் கணக்குப் பார்க்கப்படும். சம்பளத்தை முழுதாக வங்கிக்கு மாற்றச் சொல்லி, அதிலிருந்து 6 மாதம் எண்ணிப் பிறகு கலியாண நாள் வையுங்கள்.

இனி இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்தால், 2025 ஏப்ரல் கட்டணத்தில், மணந்தவர் விசாவுக்கு 1,938 பவுண், 33 மாதத்துக்கான சுகாதாரக் கட்டணம் 3,105. மொத்தம் 5,043. இறங்கிய மறுநாளே வேலைக்குப் போகலாம். நிச்சயித்தவர் விசாவுக்கும் அதே 1,938. சுகாதாரக் கட்டணம் அப்போது இல்லை. அதனால் மலிவு என்று தோன்றும். ஆனால் 6 மாதத்துக்குள் பதிவு செய்து, உள்ளிருந்து மறுபடி 1,321ம் 30 மாதத்துக்கான சுகாதாரக் கட்டணம் 2,587.50ம் கட்டவேண்டும். மொத்தம் 5,846.50. அதுவரை வேலை செய்யக்கூடாது. அங்கே பதிவுக்கு அறிவித்தல் கொடுத்து 28 நாள் காத்திருக்கவும் வேண்டும். நிரந்தர வதிவிடத்துக்கான 5 வருடக் கணக்கில் அந்த முதல் மாதங்கள் சேராது. சுமார் 800 பவுண் கூடுதலாகக் கட்டி, அரை வருடச் சம்பளத்தையும் இழக்க ஒரே நியாயம், ஸ்பொன்சர் இலங்கைக்கு வரமுடியாத நிலைதான்.

ஒரு பெரிய எச்சரிக்கை. நிச்சயித்தவர் விசாவுக்குப் போடுகிறவர்கள் “ஆசைக்கு” இங்கே தாலி கட்டிவிட்டுப் போகக்கூடாது. இலங்கைச் சட்டம் வழக்காற்றுத் திருமணத்தையும் மதிக்கிறது. நல்லூரில் மாலையும் கூறையுமாக நிற்கும் படம் முகநூலில் கிடந்தால், “நீங்கள் ஏற்கனவே மணந்தவர்கள்தானே” என்ற கேள்விக்குப் பதில் இராது. எழுத்து முடிந்தபின் இந்த விசாவுக்குப் போடவே முடியாது. சுற்றுலா விசாவில் போய் அங்கே கட்டித் தங்கிவிடும் கனடா வழியும் லண்டனுக்குப் பொருந்தாது. சுற்றுலா விசாவிலிருந்து துணை விசாவுக்கு உள்ளிருந்து மாறமுடியாது.

அவுஸ்திரேலியா

இங்கேதான் நிச்சயித்தவர் விசாவுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. நிச்சயித்தவருக்கான 300ஆம் வகை விசா 9 முதல் 15 மாதம் செல்லும், வேலையும் செய்யலாம். 18 வயதுக்குப் பின் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். திகதியும் இடமும் போட்ட கடிதம் ஒன்றைக் கலியாணம் பதிந்துவைப்பவரிடம் வாங்கிச் சேர்க்கவேண்டும். அங்கே பதிவுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவித்தல் கொடுக்கும் சட்டமும் உண்டு. மணந்தபின் உள்ளிருந்தே போடும் துணை விசாவான 820/801க்கு மாறுவதற்குக் குறைக்கப்பட்ட இரண்டாம் கட்டணம் உண்டு. முதற் கட்டணமே 9,000 அவுஸ்திரேலிய டாலரைத் தாண்டும். இங்கேயே மணந்து, வெளியிலிருந்து போடும் துணை விசாவான 309/100க்குப் போட்டால் அந்த ஒரு கட்டணத்தோடு முடியும். 300க்குப் போட்டபின் மனம் மாறி இங்கேயே எழுத்து வைத்தால் குடிவரவுத் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள், விண்ணப்பம் 309 ஆகப் பார்க்கப்படும். மறைத்தால் விசாவே போகும். வாழ்நாளில் இரண்டு பேரை மட்டுமே, 5 வருட இடைவெளியில், ஸ்பொன்சர் செய்யலாம் என்பதும் பொதுவிதி.

ஜேர்மனி என்றால் ஜேர்மன் மொழி ஏ1 சான்றிதழ்தான் முதற் படி. கலியாணப் பேச்சு தொடங்கும்போதே வகுப்பில் சேருங்கள்.

எழுத்தின் மறுபக்கம்

எழுத்து முதலில் என்று சொல்வது இலேசு. விசா நிராகரித்தால் என்ன ஆகும் என்பதைப் பெண் வீட்டார் தெரிந்துதான் கையெழுத்து வைக்கவேண்டும். இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணம் மூன்றே: சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கட்டிய நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. “விசா கிடைக்கவில்லை, இருவருக்கும் விருப்பமில்லை” என்பது மாவட்ட நீதிமன்றத்தில் காரணமே அல்ல. வழக்கு இழுபடும் காலத்தில் அடுத்த வரன் பார்க்கவும் முடியாது. ஆளைச் சரியாகத் தெரியாத வரனுக்கு, முதற் பயணத்தில் சந்தித்துப் பழகி, அடுத்த பயணத்தில் எழுத்து வைப்பது விமானச் செலவுக்குப் பெறுமதியானது. அந்த முதற் பயணத்தின் படங்கள் விசாவுக்கும் நல்ல ஆதாரம்.

நடைமுறையில் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க அந்தப் பிரிவில் 10 நாள் வசித்திருக்க வேண்டும். அதன்பின் 12 நாள் கழித்தே சான்று. சான்று 3 மாதம் செல்லும். குறுகிய லீவில் வருபவர் மாவட்டப் பதிவாளரிடம் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். மண்டபத்துக்குப் பதிவாளரை வரவழைக்கவும் அனுமதி தேவை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தான் மணமாகாதவர் என்பதற்கு அந்நாட்டுச் சான்று கொண்டுவர வேண்டும். ஒன்ராறியோவில் மாகாணப் பதிவாளர் தரும் தேடல் கடிதம், பிரித்தானியாவில் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றிதழ். பிந்தியதற்கு அறிவித்தல் காலமே 28 நாள். 2022 தொடக்கத்தில் வெளிநாட்டவரின் கலியாணத்துக்குப் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையும் கேட்கத் தொடங்கினார்கள். இப்படி விதிகள் இடையிடையே மாறுவதால், ரிக்கெற் போடமுன் யாழ். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் நேரே கேளுங்கள்.

பெயர்தான் எங்கள் ஆட்களைக் கடைசியில் மாட்டுவது. அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஒரு விதமாகவும், கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும், விவாகச் சான்றிதழில் வெறும் முதலெழுத்தாகவும் இருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுத்து, அதே ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பழைய சான்றிதழ்களில் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். எழுத்து வைக்கும் மேசையில் பதிவாளர் எழுதுவதைக் கையெழுத்துக்கு முன் ஒருமுறை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பதிந்தபின் திருத்துவது மாதக்கணக்கு.

அகதியாகப் போய் வதிவிடம் பெற்றவர் கலியாணத்துக்கென்று இலங்கை வருவது தனிப் பிரச்சினை. கனடாவில் 2012 டிசம்பரிலிருந்து, பயந்து ஓடிவந்த நாட்டுக்குத் திரும்பிப் போனது அகதிப் பாதுகாப்பை முடிக்கும் காரணமாகி, நிரந்தர வதிவிடத்தையும் பறிக்கலாம். பிரஜாவுரிமை எடுத்தவருக்கு இந்தப் பயம் இல்லை. மற்றவர்கள் இந்தியாவில் கட்டுகிறார்கள். திருச்சியில் கோயிலில் தாலி கட்டி, மண்டப ரசீதோடு திரும்பினால் போதாது. வெளிநாட்டவர் இருவருக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கி அறிவித்தல் கொடுத்து, அதன்பின் இன்னும் 30 நாள் பொறுக்கவேண்டும். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பது குறுகிய தூரம்தான், ஆனால் இந்த இரண்டு மாதத்துக்கும் பெண்ணுக்குத் துணையாக ஒருவரும், தங்க இடமும், அத்தனை நாளுக்குச் செல்லுபடியாகும் இந்திய விசாவும் முன்கூட்டியே ஒழுங்காகியிருக்க வேண்டும்.