அப்பாவோட டயாலிசிஸ் சென்டர்: சிஸ்டர்களுக்கு 5 ஸ்டார், நிர்வாகத்துக்கு 3

2019 கடைசில இருந்து அப்பாவுக்கு வாரம் மூணு தடவை, தடவைக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ், எல்லாம் ஒரே சென்டர்லதான். கொரோனாவுக்கு முன்னாடி, நடுவுல, இப்போன்னு மூணையும் அங்கயே பாத்தாச்சு. குறையும் சொல்லப்போறதால பேர் போடல.

2020 மார்ச்ல எல்லாரும் வீட்டுக்குள்ள இருங்கன்னாங்க, கிட்னி பேஷண்ட் எப்படி இருக்க முடியும், ஒரு தடவை விட்டாலே உடம்புல தண்ணி சேந்து மூச்சு வாங்கும், பொட்டாசியம் ஏறுனா இதயமே நின்னுடலாம். சென்டர்ல உடனே வாசல்லயே காய்ச்சல் பாக்க ஆரம்பிச்சாங்க, சந்தேகம்னா தனி ஷிப்ட், தனி மிஷின், கூட வர்றவங்க வெளிலயே. அது நல்லா பண்ணாங்க. ஆனா கொரோனா வந்து ஐசியூல கிடந்தவங்களுக்கும் கிட்னி பழுதாகி டயாலிசிஸ் தேவைப்பட்டதால அனுபவமான சிஸ்டர்கள அங்க இழுத்துக்கிட்டாங்க, மிச்சம் இருந்தவங்கள்லயும் பாதி பேர் பாசிட்டிவ், அதனால ஒரு மாசம் மூணு தடவைய ரெண்டாக்கிட்டாங்க. அந்த மாசம் அப்பா படுத்தா மூச்சு முட்டுதுன்னு ராத்திரி முழுக்க உக்காந்தே தூங்கினார். டாக்டர் வீடியோ கால்ல குடிக்கற தண்ணி அளவ இன்னும் குறைச்சு, பொட்டாசியத்துக்கு ஒரு பவுடர் எழுதிக்குடுத்து எப்படியோ ஓட்டினார். பக்கத்து பெட் தம்பிக்கு அவங்கம்மா கிட்னி குடுக்க ரெடியா இருந்தும் ஆபரேஷன் மாசக்கணக்குல தள்ளிப்போச்சு.

ஒரு விஷயம் மறக்கவே முடியாது. அப்பாவ தூக்கிப் படுக்க வைக்க ஒரு நாள் மட்டும் என்னை உள்ள விட்டாங்க. ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடறதுக்காக கையில ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாய்கள இணைச்ச இடம், அது மேல விரல வச்சா உர்ருன்னு ஒரு அதிர்வு தெரியும், அத வச்சுத்தான் ஊசி எங்கன்னு முடிவு பண்ணுவாங்க. அன்னிக்கு சிஸ்டர் கையில ரெண்டு கிளவுஸ், கண்ணாடி முழுக்க ஆவி. ஒரு நிமிஷம் அப்படியே நின்னு, விரலாலயே நரம்ப தடவித் தடவி பாத்து, ரெண்டு ஊசியும் ஒரே குத்துல போட்டாங்க. ஷிப்ட் முடிஞ்சு மாஸ்க்க கழட்டினப்போ மூக்கு மேல தோல் உரிஞ்சு செவந்திருந்துச்சு. கொரோனாவுக்காக போட்ட பாதுகாப்பு உடைய நடுவுல கழட்ட முடியாதுன்னு காலைல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலயாம், கிட்னிய பாத்துக்கறவங்க கிட்னிய யார் பாத்துக்கறது? வருஷக்கணக்குல கையப் புடிச்சு ஊசி போட்ட பேஷண்ட் திடீர்னு ஒரு நாள் வராம போயிடுவார், அதே நாற்காலிய துடைச்சு அடுத்த ஆள உக்கார வைக்கணும். அழக்கூட நேரம் கிடையாது அவங்களுக்கு.

இப்போ வீடியோ கன்சல்டேஷன் தொடருது, ரொம்ப உதவி. சுத்தமும் குறையல. ஆனா வேலைய விட்டுப் போனவங்க இடத்துல இன்னும் சரியா ஆள் போடல, முன்னாடி ஒரு சிஸ்டருக்கு 4 பேஷண்ட், இப்போ 6. போன மாசம் அப்பாவுக்கு பிரஷர் இறங்கி மிஷின் கத்துது, சிஸ்டர் இன்னொருத்தருக்கு ஊசி எடுத்து ரத்தம் நிக்க அழுத்திப் புடிச்சிட்டிருக்காங்க, கைய எடுக்கவும் முடியாது, அங்கிருந்தே கால தூக்கி வைங்கன்னு எனக்கு சொல்லிக்குடுத்தாங்க. அவங்க மேல தப்பே இல்ல. மன அழுத்தமா, பேசுங்கன்னு நிர்வாகம் சுவத்துல போஸ்டர் ஒட்டியிருக்கு, போய் பேச ஒரு அரை மணி நேரம் விடுவிச்சாத்தானே.

புதுசா சென்டர் தேடுறவங்க மிஷின் புதுசான்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேஷண்ட்னு கேளுங்க. நாங்க இந்த சென்டர மாத்தப்போறதில்ல, அப்பா கை அந்த சிஸ்டருக்குத்தான் அடங்கும்.