பாசிக் கட்டுரையை எங்கே போடுவது? மண்டபத்துக் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

என்னிடம் படித்த, பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண் ஒருத்தி ஆய்வை முடித்துவிட்டு வந்திருந்தாள். அவளுடைய அம்மா இன்றும் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர். தென்கடலில் (மன்னார் வளைகுடா) மரிக்கொழுந்துப் பாசி எந்தெந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டு), எந்தெந்த மாதம் தழைக்கிறது என்பதுதான் ஆய்வு. அளந்தது இவள், எங்கே போய் அளக்க வேண்டும் என்று காட்டியது அம்மாவும் அவருடைய கூட்டாளிகளும். "சார், இதை எங்க போடுறது?" என்று கேட்டாள்.

இருபது வருடத்துக்கு முன்னால் என்றால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். இப்போது நான்கு வழி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் யார் காசு கொடுக்கிறார்கள், யாரால் படிக்க முடிகிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்களின் சந்தா இதழ்கள். பெயர் கிடைக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நேர்முகத்தில் மதிப்பு கிடைக்கும். எழுதுகிறவரிடம் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள், படிக்கிறவரிடம்தான் வாங்குவார்கள். ஆய்விதழ் என்பது பிறந்தபோது இப்படி ஒரு வியாபாரமாக இருக்கவில்லை. 1665 ஜனவரியில் பாரிஸிலும் மார்ச்சில் லண்டனிலும் முதல் இரண்டு ஆய்விதழ்கள் வந்தன. லண்டன் இதழைத் தொடங்கிய ஹென்றி ஓல்டன்பர்க், ராயல் சொசைட்டியின் செயலாளர். அறிஞர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைத் திரட்டி அச்சில் கொண்டுவந்தார். அதில் லாபம் பார்க்க நினைத்தார், பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. அதன்பின் சுமார் முந்நூறு வருடம் பெரும்பாலும் கழகங்கள்தான் கைக்காசு போட்டு இதழ் நடத்தின.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசுகள் ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டின, கட்டுரைகள் பெருகின. அந்த நேரத்தில் களத்தில் இறங்கியவர் பிரிட்டிஷ் பதிப்பாளர் ராபர்ட் மேக்ஸ்வெல். அவர் கண்டுகொண்டது ஒரே ஒரு விஷயம்: ஓர் ஆய்விதழுக்கு இன்னொரு ஆய்விதழ் மாற்றாகாது. அரிசி விலை ஏறினால் வேறு கடைக்குப் போகலாம். பவளப்பாறை பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்றால் அது வந்த இதழைத்தான் வாங்க வேண்டும், நூலகத்துக்கு வேறு வழியில்லை. அவருடைய பெர்கமான் நிறுவனம் 1991இல் எல்சவியர் பதிப்பகத்துக்கு 44 கோடி பவுண்டுக்குக் கைமாறியது.

இந்தக் கணக்கு நம் கரைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஏவாரியிடம் (மீன் வியாபாரி) முன்பணம் வாங்கிய வல்லக்காரர் (படகுக்காரர்) மீனை வேறு யாருக்கும் போட முடியாது. ஏவாரி சொல்வதுதான் விலை. அவராவது முன்பணம் கொடுக்கிறார், மீனுக்கும் ஏதோ ஒரு தொகை தருகிறார். ஆய்விதழ் வியாபாரத்தில் மீன் இலவசம். மீன் நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்லும் சக ஆய்வாளரும் (இந்த வேலைக்குத்தான் ரிவ்யூ என்று பெயர்) சம்பளம் இல்லாமல் பார்க்கிறார். அப்புறம் அதே மீனைப் பிடித்தவர் வீட்டுக்கே விலைக்கு விற்கிறார்கள்.

இதற்கு நம் அரசு கண்டுபிடித்த தீர்வு, மொத்தமாகச் சந்தா கட்டிவிடுவது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 2025 முதல் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். அரசுக் கல்லூரியில் இருக்கிற என் நண்பருக்கு இது பெரிய வரம்தான், மறுக்கவில்லை. முன்பெல்லாம் அவர் மதுரைக்கோ சென்னைக்கோ யாருக்காவது போன் போட்டு ஒரு பிடிஎஃப் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் முதல் கட்டத்தில் திட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். அவர் கல்லூரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சுயநிதிக் கல்லூரி மாணவருக்கு இல்லை, மீனவர் சங்கச் செயலாளருக்கு இல்லை. மூன்று வருடம் முடிந்து அடுத்த பேரம் நடக்கும்போது விலையை யார் சொல்வார் என்பதும் கேள்விதான்.

இந்த வகை இதழில் எனக்கு ஒரு தனிப்பட்ட மனத்தாங்கலும் உண்டு. பல வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு இதழுக்குப் பாசி பற்றி எழுதி அனுப்பினேன். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஊர்ப் பெயர்களை லத்தீன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பத்தியாகப் போட்டிருந்தேன். திரும்பி வந்த பிரதியில் அந்தப் பத்தி முழுக்கக் கோடு போட்டு அடித்திருந்தது. ஓரத்தில், தேவையில்லை என்ற பொருளில் ஒரே வார்த்தை. நானும் எடுத்துவிட்டேன். பாசிக்காரப் பெண்களிடம் போய் விசாரிக்கிற அடுத்த மாணவருக்கு அந்தக் கட்டுரையில் மிச்சமிருந்தது லத்தீன் மட்டும்தான்.

இரண்டாவது வழி, எழுதுகிறவர் காசு கட்டுவது. கட்டிவிட்டால் உலகமே இலவசமாகப் படிக்கலாம். 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை வந்தபோது கேட்டது, அறிவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதைத்தான். பதிப்பகங்கள் அதைத் தங்களுக்குத் தோதாகத் திருப்பிக்கொண்டன. 'நேச்சர்' இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். அதைவிடச் சின்ன இதழ்களிலும் லட்சத்தில்தான் பேச்சு. நல்ல ஓப்பன் ஆக்சஸ் இதழ்களில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களில் போட ஆண்டுக்கு 150 கோடி வரை உதவி என்று அதே சந்தாத் திட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்கப் பிரித்தால் சின்னப்பாலத்துக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதே வழியில் போலிக்கடைகளும் உண்டு. காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் 'மாண்புமிகு பேராசிரியர் அவர்களே' என்று தொடங்கும் அழைப்பு வந்து கிடக்கும். என்னுடன் வேலை பார்த்தவர் ஒருவர் 4,500 ரூபாய் கட்டினார், ஆறாம் நாள் கட்டுரை வெளிவந்தது. ரிவ்யூ என்று வந்தது 'நன்று, ஏற்கலாம்' என்ற ஒரு வரி. அட்டவணை இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் அட்டவணை ஒன்றே திரும்பவும் அச்சாகியிருந்தது. அதை ரிவ்யூ செய்தவரும் பார்க்கவில்லை, அச்சுக்குக் கொடுத்தவரும் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) வைத்திருந்த விதி, 2022இல் நீக்கும் வரை, இந்தக் கடைகளுக்கு ஆள்பிடித்துக் கொடுத்தது. பெரிய கடைகளும் தப்பவில்லை. வைலி என்ற பெரிய பதிப்பகம் வாங்கிய ஹிந்தாவி நிறுவனத்தின் இதழ்களிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. கூலிக்குக் கட்டுரை தயாரிக்கும் கூட்டங்கள் உள்ளே புகுந்திருந்தன.

மூன்றாவது, நம்மூர்க் கழக இதழ்கள். நான் ஒருபக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது நம் மண்டபம் முகாமில்தான். தலைமையகம் கொச்சிக்குப் போனது 1971இல். 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்' 1954இல் தொடங்கியது. இந்தியக் கடல் உயிரியல் கழகம் 1958இல் அமைந்து, அதன் இதழ் 1959இலிருந்து வருகிறது. அதற்கும் முன்னால், 1927இல், சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடே கொண்டுவந்தது. மன்னார் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர் யாராக இருந்தாலும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது.

என் அலமாரியில் என் வழிகாட்டி கொடுத்த தனிப்பிரதி ஒன்று இருக்கிறது. பழுப்பு அட்டை. உப்புக் காற்றில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து, முதல் நான்கு பக்கத்திலும் ஒரே இடத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு. அந்தக் காலத்தில் கட்டுரை வந்தால் எழுதியவருக்குச் சில தனிப்பிரதிகள் தருவார்கள். வெளிநாட்டிலிருந்து, 'தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப இயலுமா' என்று அச்சடித்த அஞ்சலட்டை வரும். என் வழிகாட்டி கவரில் போட்டு அனுப்புவார். அட்டையில் இருந்த தபால்தலை அவர் மகனுக்கு. கட்டுரை ஊர்போய்ச் சேர ஒன்றிரண்டு மாதம் ஆனாலும் நடுவில் யாரும் சந்தா கேட்கவில்லை. இன்றைக்கு மேலே சொன்ன இரண்டு இதழ்களையும் இணையத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். நிலையத்தின் இணையக் களஞ்சியத்தில் மண்டபத்துப் பழைய கட்டுரைகள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. ஓப்பன் ஆக்சஸ் என்ற பெயர் வருவதற்கு முன்பே கழகங்கள் கிட்டத்தட்ட அதைத்தான் செய்துகொண்டிருந்தன.

குறை இல்லாமல் இல்லை. கழக இதழ்களை நடத்துகிறவர்கள் சொந்த வேலைக்கு நடுவே ஓய்வு நேரத்தில் நடத்துகிறார்கள், தாமதமாகும். பெரும்பாலும் இம்பாக்ட் ஃபேக்டர் குறைவு, அல்லது இல்லை. அது, ஓர் இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லும் எண். யூஜின் கார்ஃபீல்டு 1960களில் தொடங்கிய மேற்கோள் அட்டவணையிலிருந்து பிறந்தது. எந்த இதழை வாங்கலாம் என்று பார்க்க நூலகருக்கு உதவிய கருவி. அதை வைத்து ஆளையே எடை போடுவது, நாட்டுப்படகு நல்லதா என்று விசைப்படகின் குதிரைத்திறனை வைத்து முடிவு செய்கிற மாதிரி.

நான்காவது, முன்பதிப்பு, அதாவது ப்ரீபிரிண்ட். யாரும் ரிவ்யூ செய்யும் முன்பே பொதுத் தளத்தில் ஏற்றிவிடுவது. இயற்பியலாளர்களுக்கு ஆர்க்கைவ் 1991இலும், உயிரியலாளர்களுக்கு பயோ-ஆர்க்கைவ் 2013இலும் வந்தன. செலவில்லை, ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். புதிது என்று நினைக்க வேண்டாம். 1928இல் சர் சி.வி. ராமன் தன் கண்டுபிடிப்பை வெளிநாட்டு இதழுக்கு மட்டும் விட்டுவிடாமல், கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் போட்டு, பிரதிகளை உலகெங்கும் விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். இதழ் உள்ளூர், வாசகர் உலகம் முழுக்க.

நம் கடலுக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. கடல் அட்டை பிடிப்பது 2001இலிருந்து தடை. ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை, வாரத்துக்கு ஒரு முறையாவது பேப்பரில் பார்க்கிறோம். எந்தப் பாரில் எத்தனை அட்டை என்று ஜிபிஎஸ் புள்ளியோடு ஒரு மாணவர் முன்பதிப்பாக ஏற்றிவிட்டால், அது கடத்தல்காரனுக்குக் கையில் கொடுத்த வரைபடம். நல்ல ரிவ்யூவர் அந்தப் புள்ளிகளை எடுக்கச் சொல்வார். ஏற்றிய பிறகு எடுப்பது, கலங்கிய தண்ணீரைத் திரும்பத் தெளிய வைக்கிற மாதிரிதான். எல்லாவற்றையும் திறந்துவை என்று சொல்கிறவர்கள் யாரும் வடகடலில் (பாக் விரிகுடா) வலை போட்டதில்லை.

இனி என்ன வரும் என்றால், இந்த நான்கும் கலந்து போகும் என்று நினைக்கிறேன். 'ஈலைஃப்' என்ற உயிரியல் இதழ் 2023இல் ஒரு வேலை செய்தது. ரிவ்யூவுக்கு எடுத்த கட்டுரையை ஏற்பது, நிராகரிப்பது என்பதையே விட்டுவிட்டது. முன்பதிப்பும் ரிவ்யூவர் கருத்தும் சேர்ந்து வெளிவரும், வாசகர் முடிவு செய்துகொள்ளலாம். அடுத்த வருடமே, அந்த எண்ணைக் கணக்கிடுகிற நிறுவனத்தார் அதன் இம்பாக்ட் ஃபேக்டருக்கு வேட்டு வைத்துவிட்டார்கள். பழைய தராசு லேசில் கையை விடாது.

சரி, அந்தப் பெண்ணுக்குச் சொன்னது இதுதான். கழக இதழுக்கு அனுப்பு. ஊர்ப் பெயர்ப் பத்தியை அடித்தால் சண்டை போடு, விடாதே. பார்களின் ஜிபிஎஸ் புள்ளிகளைக் கட்டுரையில் போடாதே, கேட்கிற ஆய்வாளருக்குத் தனியாகக் கொடு. அம்மா தலைமுறையாகக் காத்த இடம் அது. அதை நீக்கிய பிரதியை முன்பதிப்பாகவும் ஏற்றிக்கொள், இதழ் அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு. வேலைக்கு ஸ்கோபஸ் (ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) கணக்கு வேண்டுமென்றால் அடுத்த கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம். நன்றி சொல்லும் பகுதியில் 'உள்ளூர் மீனவப் பெண்கள்' என்று முடித்துவிடாமல், சம்மதம் கேட்டுப் பெயரோடு போடு.

நேற்று அனுப்பிவிட்டாள். சாயங்காலம் போன் பண்ணினாள், பின்னால் அவள் அம்மாவின் குரல்: "எப்ப வருமாம், கேளு." வாடைக் காற்று அடித்து ஓய்ந்து, கச்சான் காற்றும் ஒரு சுற்று வந்து போன பிறகு வரும் என்று சொல்லச் சொன்னேன்.