பூல் மேசைக்கு எந்த ரசமட்டம்? ஸ்டாரெட் 98 போதும்

பூல் (பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம்) மேசை பூட்டும் வேலைக்கு நான் நம்புவது ஸ்டாரெட் நிறுவனத்தின் 98 வரிசையில் 12 அங்குல ரசமட்டம். வார்ப்பிரும்பு அடிப்பாகம், கோடு போட்ட கண்ணாடிக் குழாய். குமிழ் ஒரு கோடு நகர்ந்தால் அடிக்கு 0.005 அங்குலச் சாய்வு, அதாவது மீட்டருக்கு 0.42 மி.மீ.

இந்த நுணுக்கம் போதுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உலக பூல் சங்க விதிப்படி ஸ்லேட் (துணிக்கு அடியில் இருக்கும் கற்பலகை) பரப்பின் ஏற்ற இறக்கம் நீளவாக்கில் 0.508 மி.மீ., அகலவாக்கில் 0.254 மி.மீ. வரை கூடவோ குறையவோ இருக்கலாம். சாய்வுக்கும் அதே கணக்கைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். 9 அடி மேசையின் ஆடுபரப்பு 100க்கு 50 அங்குலம். அகலவாக்கில் குமிழ் ஒரு கோடு தள்ளி நின்றாலே இரண்டு ஓரங்களுக்கும் நடுவே 0.53 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும், கூட 0.254, குறைய 0.254 என்ற அனுமதி முழுக்க அதிலேயே தீர்ந்தது. ஆக, கால் கோடு வரை கண்ணால் பிரித்துப் பார்க்க வேண்டும். 98-இல் அது நன்றாகவே முடிகிறது.

கொத்தனார் ரசமட்டத்தில் முடியாது. குமிழ் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா இல்லையா என்பதோடு அது நின்றுவிடும். சுவருக்கு அது சரி. இங்கே மெதுவாக உருட்டிய பந்து கடைசி ஒரு அடியில் வளைந்து பாக்கெட்டைத் தவறவிட்டால், பாவம், ஆடுகிறவர் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். அது எனக்குப் பொறுக்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. எங்கள் கோவைப் பட்டறைகளில் மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மட்டம் சாதாரணமாகக் கிடைக்கும். "அதையே கொண்டு வந்துடலாமேண்ணா" என்பார்கள் பையன்கள். மூன்று துண்டு ஸ்லேட்டை ஆப்பு வைத்து ஏற்றி இறக்கும்போது அதன் குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு தூக்குவது என்றே தெரியாது. மரத்தளம் போட்ட மாடியில் பக்கத்தில் ஒருவர் நடந்தாலும் அசையும். போட்டி மேசை என்றால் 98-ஐ வைத்து முடித்துவிட்டு, கடைசிச் சரிபார்ப்புக்கு மட்டும் அடிக்கு 0.0005 அங்குலம் காட்டும் ஸ்டாரெட் 199-ஐ எடுக்கலாம். வீட்டு மேசைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

வாங்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். 12 அங்குல மட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் ஜெராக்ஸ் தாள் ஒன்றைச் செருகுங்கள். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ.; குமிழ் முக்கால் கோடு நகர வேண்டும். அப்புறம் மட்டத்தை அதே இடத்தில் தலைமாற்றி வையுங்கள். குமிழ் அறையின் அதே பக்கம் பார்த்து, அதே அளவு விலகி நின்றால் மட்டம் சரி. இல்லையென்றால் அதிலுள்ள திருகை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

வைக்க வேண்டியது வெறும் ஸ்லேட்டின் மேல், துணி போர்த்துவதற்கு முன்பே. கண்ணாடிக் குழாயைக் கையால் பிடிக்காதீர்கள், சூடு பட்ட பக்கம் குமிழ் ஓடும்.

இதனால் ஆகாத வேலை ஒன்று உண்டு: ஸ்லேட் இணைப்பு. அங்கே படி, அதாவது இரண்டு துண்டுகளுக்கும் நடுவிலான ஏற்றத்தாழ்வு, 0.127 மி.மீ.க்குமேல் இருக்கக் கூடாது. அதற்கு ஸ்ட்ரெய்ட் எட்ஜும் (நேரான விளிம்புள்ள சட்டம்) விரல் நகமும்தான். படி போன பிறகே தேன்மெழுகை உருக்கி ஊற்றுங்கள்.