தங்க ரயிலைத் தேட ரேடாரா, காந்தமானியா?

போலந்தின் வவுப்ஜிக் நகருக்கு அருகே, ரயில் பாதையின் 65ஆவது கிலோமீட்டர் கல்லை ஒட்டி, நாஜிகள் தங்கம் ஏற்றி மறைத்ததாகச் சொல்லப்படும் கவச ரயில் புதைந்து கிடப்பதாக 2015இல் இருவர் அறிவித்தார்கள். கையில் இருந்த சான்று தரையூடுருவும் ரேடார் படம். 99 சதவீதம் உறுதி என்று துணை அமைச்சர் ஒருவரே சொல்லிவிட்டார். அந்த ஒரு சதவீதத்தை யார் கவனித்தார்கள்!

ரேடார் உலோகத்தை மட்டும் தேடுவதில்லை. மண்ணுக்குள் அனுப்பிய அலை, ஈரமோ பாறையோ வெற்றிடமோ, தன்மை மாறும் எந்த எல்லையிலும் பட்டுத் திரும்பும். எதைப் பார்க்கிறோம் என்பது பார்ப்பவரின் ஆசையைப் பொறுத்தது. ஈரக் களிமண்ணில் அலை சில அடிகளிலேயே அடங்கிவிடும்.

காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காந்தமானிக்குத் தங்கம் தெரியவே தெரியாது, இரும்பு தெரியும். கவச ரயில் என்றால் நூற்றுக்கணக்கான டன் எஃகு. அது பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்காமல் ஒளிந்திருக்க வழியில்லை. அருகிலுள்ள தண்டவாளம் அளவீட்டைக் கெடுக்கும் என்பது உண்மையான குறை.

கிராக்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காந்த அளவீடும் செய்து, சுரங்கம் இருக்கலாம், ரயில் இல்லை என்றார்கள். 2016 ஆகஸ்டில் தோண்டியபோது ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை.

ரயிலைத் தேடுவதென்றால் என் தேர்வு காந்தமானி. காந்தமானி காட்டிய இடத்தைச் சரிபார்க்க மட்டும் ரேடார். மரப்பெட்டித் தங்கம் என்றால் காந்தமானியை வீட்டிலேயே வைத்துவிடலாம்.