இன்சுலின் ஏற்றும் மாணவர்களின் திருகோணமலைச் சந்திப்பு: ஒரு மதிப்பீடு

வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாம் வகை நீரிழிவுள்ள மாணவருக்கு, கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் கேட்டு முடிக்க இயலாத கேள்விகள் பல உண்டு. அக்கேள்விகளுக்காகத் திருகோணமலையில் மாணவர்களே மாதந்தோறும் நடத்தும் சந்திப்புக்கு நானும் சென்று வருகிறேன். கட்டணமோ பதிவோ கிடையாது. நகரில் கற்பவர்களும், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்து மாணவர்களும், கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வருபவர்களும் அங்கே ஒன்றாக அமர்கிறார்கள்.

சீனி வருத்தம் வயது போனவர்களுக்கே வருவது என்று நம்மவர் பலர் இன்னும் எண்ணுகின்றனர். உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுவதால் முதலாம் வகை ஏற்படுகிறதேயன்றி, இனிப்பு அதிகம் தின்றதால் அல்ல என்பதை உறவினர் ஒவ்வொருவருக்கும் விளக்கிக் களைத்த பிள்ளைகளுக்கு, எதையும் விளக்கத் தேவையில்லாத ஓர் இடம் எவ்வளவு பெரியது என்பதை அங்கு சென்றால்தான் உணரலாம். திருமணப் பேச்சுக்கு இடையூறாகும் என்று வீட்டார் மறைக்கச் சொன்னதால், விடுதிக் குளியலறைக்குள் நின்று ஊசி ஏற்றிவந்த மாணவிகள் அதை முதன்முதலாக வாய்திறந்து சொன்னது இங்கேதான்.

பேச்சோடு நில்லாமல் செய்தும் காட்டுகிறார்கள். கலங்கலான கலப்பு இன்சுலின் குப்பியைக் குலுக்காமல், இரு உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டி, பால்போல ஒரே சீராக வந்த பின்னரே ஊசியில் எடுக்க வேண்டும் என்றும், உருட்டிய பிறகும் கட்டியோ துகளோ தெரிந்தால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்றும் மூத்த மாணவி ஒருவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். பாவனையில் உள்ளதைப் பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம். நம்மூர் வெயிலில் அந்த 30 பாகையே பெரும்பாடு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறைகளில் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள், நீர் படாதபடி குப்பியை மூடி வைக்கும் முறையை இங்கு சொல்லித் தருகிறார்கள். பெட்டி இருந்தாலும் உறைபனித் தட்டின் அருகே வைக்க வேண்டாம் என எச்சரிக்கிறார்கள், ஏனெனில் உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் உதவாது.

குருதியில் சீனி டெசிலீட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சீனி எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த விதிதான். ஆனால் சொக்லேட்டிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதும், பரீட்சை மண்டபத்துக்குள் மீட்டரும் குளுக்கோஸும் கொண்டுசெல்ல முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்றுவைப்பது நல்லது என்பதும் எனக்கு இங்கேதான் தெரியவந்தன.

நான் மிகவும் மதிப்பது அவர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட எல்லையை. எத்தனை அலகு ஏற்றுவது என்பதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அது வைத்தியரின் பொறுப்பு என்று உடனே நிறுத்திவிடுகிறார்கள். றமழான் நோன்பு பற்றியும் கந்தசஷ்டி விரதம் பற்றியும் கேள்வி எழுந்தபோது, விரதத்துக்கு முன்பே கிளினிக்கில் பேசும்படியும், எந்த நாளிலும் இன்சுலினை முற்றாக நிறுத்த வேண்டாம் என்றும், சீனி இறங்கினால் தயங்காமல் விரதத்தை முடிக்கும்படியும் மட்டுமே கூறினார்கள். நிதானமும் அக்கறையும் உள்ள பதில் அது.

குறை இல்லாமல் இல்லை. சந்திப்பு மாலை வேளையில் நீள்வதால், மூதூர் மாணவிகள் பஸ்ஸைப் பிடிப்பதற்காகப் பாதியில் எழுந்து போகிறார்கள்; முற்பகலுக்கு மாற்றுவது கடினமல்ல. அதைவிட முக்கியமாக, அறைத்தோழர்களையும் அழைக்க வேண்டும். நள்ளிரவில் சீனி இறங்கி நினைவு தடுமாறும் மாணவருக்கு அருகில் இருப்பவர்கள் அவர்களே. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துக் கிடத்தி, உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதை அறியவேண்டியவர்களும் அவர்கள்தான்.